கம்போகொலோஞோ வரை மட்டும்

1986ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடிந்தும் விடியாத வேளையில், சூரிச் பெரிய ரயில் நிலையத்தில் கூர் நகருக்குப் புறப்படும் வண்டியின் அருகே நின்றுகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் தேங்காய்ப்பூப் போட்டுச் சுட்ட ரொட்டி, ஒரு போத்தல் சம்பல், மூன்று பயணச்சீட்டுகள். இரண்டு சீட்டுகளில் திரானோ என்று அச்சாகியிருந்தது. திரானோ இத்தாலியில் இருக்கிறது. மூன்றாவது சீட்டு என்னுடையது. அதில் கம்போகொலோஞோ என்றிருந்தது. அதுதான் அந்தப் பாதையில் சுவிஸ் நாட்டின் கடைசி ஸ்டேசன். அங்கிருந்து திரானோவுக்கு மூன்று கிலோமீட்டர்தான்.

அந்த மூன்று கிலோமீட்டரை நான் கடக்க முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்ட அன்றே கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பதிலுக்குப் படம் ஒட்டிய ஒரு தாளைத் தந்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு சுவிஸுக்குள் எங்கேயும் போகலாம். எல்லைக்கு அப்பால் கால் வைத்தால் விண்ணப்பமும் போய்விடும், நானும் போய்விடுவேன்.

"தம்பி! வெள்ளெனவே வந்திட்டியோ?"

குணம் அண்ணை வந்துவிட்டார். என் பெரியப்பாவின் மகன். பதினெட்டு வயதில் லண்டனுக்குப் படிக்கப் போய், கணக்காளராகி, பிரித்தானியக் கடவுச்சீட்டும் எடுத்துவிட்டவர். கழுத்தில் புதிய கமெரா தொங்கியது, கையில் ஒரு சிறிய பயணப்பெட்டி. பக்கத்தில் அவருடைய மனைவி சுகந்தி. எங்கள் ஊர் வழக்கில் அண்ணன் மனைவியை மச்சாள் என்போம். கொழும்பில் கலியாணம் முடித்து, லண்டனுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணையின் குளிர்ச்சட்டை ஒன்றைச் சேலைக்கு மேலே போட்டிருந்தா. கை நீளம் விரலை மூடியது. அண்ணை குனிந்து அந்தக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார்.

அந்த நாளின் முதல் எரிச்சல் எனக்கு அப்போதுதான் ஏற்பட்டது.

ஏனென்றால் இது என்னுடைய பயணம். எனக்கும் வதனிக்குமாக மூன்று வருடமாக நான் போட்டுவைத்த பயணம். கலியாணம் கட்டி ஐந்தாவது மாதம் அவளை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான். சூரிச்சில் லாங்ஸ்ட்ராஸ தெருப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு மரக்கறி வெட்டும் மேசைக்கு உயர்ந்திருந்தேன். அங்கே தலைமைச் சமையற்காரர் பிரூனோ திரானோக்காரர். மாதத்தில் ஒருமுறை மலையைக் கடந்து வீட்டுக்குப் போவார். திங்கட்கிழமை திரும்பி வந்து, "நேற்று மேலே புதுப்பனி, கீழே என் வீட்டில் திராட்சை பழுத்திருக்கிறது" என்பார். ஒரே ரயிலில் பனியிலிருந்து திராட்சைக்குப் போகலாம் என்பதை நான் அவரிடமிருந்துதான் அறிந்தேன். ஒரு மனிதன் வீட்டுக்குப் போக ரயில் ஏறுகிறான் என்பதே எனக்கு எரிச்சலைத் தந்த காலம் அது. இருந்தும் அவரிடம் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

மலை ரயில் என்று இந்த நாட்டில் பல உண்டு. யுங்ஃப்ராவுக்கு ஏறும் ரயில் மிக உயரம் போகும். ஆனால் பாதி தூரம் சுரங்கம், விலையும் எங்களுக்கு எட்டாதது. செர்மாட்டிலிருந்து வரும் நீண்ட ரயில் அழகானதுதான். ஆனால் அதில் உட்கார்ந்து ஒரு முழுப்பகலும் போய், இரவு தங்க வேறு வேண்டும். பெர்னினா பாதையை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். சூரிச்சிலிருந்து கூர், கூரிலிருந்து அல்புலா பாதையில் சங்க்ட் மொரிட்ஸ், அங்கிருந்து பெர்னினா கணவாய் கடந்து திரானோ. உல்லாசப் பயணிகளுக்கான கண்ணாடிப் பெட்டியைவிடச் சாதாரண வண்டியே நல்லது, ஏனென்றால் அதில் யன்னலை இறக்கலாம். சூரிச்சிலிருந்து போகும்போது ஏரி பார்க்க இடப்பக்கம் இருக்க வேண்டும். கூரிலும் சங்க்ட் மொரிட்ஸிலும் மாறி ஏறியபின் வலப்பக்கம். இதையெல்லாம் வதனிக்கு நீலக் கடிதத்தாளில் எழுதிக்கொண்டே இருந்தேன். அவளை எப்படி இங்கே எடுப்பது என்று தெரியவில்லை. வந்தால் எந்த யன்னலருகே இருத்துவது என்று மட்டும் தெரிந்திருந்தது.

போன கிழமை குணம் அண்ணை லண்டனிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, சுகந்தியைக் கூட்டிக்கொண்டு சுவிசுக்கு வாறன். இத்தாலி விசாவும் எடுத்தாச்சு. எங்கை போறதெண்டு நீதான் சொல்லோணும்." என் வாயிலிருந்து பெர்னினா என்ற சொல் வந்துவிட்டது. வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

காலை 6.40. வண்டி புறப்பட்டது. இடப்பக்கத்தில் இரண்டு யன்னலோர இருக்கைகள், எதிரும் புதிருமாக. நான் போட்ட திட்டத்தில் ஒன்று வதனியுடையது, மற்றது என்னுடையது. அவர்கள் இருவரும் அவற்றில் அமர்ந்தார்கள். நான் நடைபாதைப் பக்கம் அமர்ந்தேன். சூரிச் ஏரி நீளமாக, மங்கிய ஈயத் தகடு போல் கூடவே வந்தது. பிறகு வாலன் ஏரி. அக்கரையில் மலை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். அண்ணை கமெராவைத் தூக்கி அந்த மலையைப் பிடித்தார், பிறகு மச்சாளைப் பிடித்தார், பிறகு மலையை மறைத்துக்கொண்டு மச்சாளைப் பிடித்தார்.

"தம்பி, நல்ல இடம்தான் பிடிச்சிருக்கிறாய். நீ அடிக்கடி வாறனியோ?"

"இல்லை அண்ணை. இதுதான் முதல்தரம்."

"அப்ப எப்பிடி இவ்வளவும் தெரியும்?"

"கேட்டு வைச்சிருந்தனான்" என்றேன். யாருக்காக என்று சொல்லவில்லை.

கூர் வந்தபோது எட்டரை மணிக்குக் கிட்ட இருக்கும். குளிர் சூரிச்சைவிடக் கூட. அங்கே சிவப்புப் பெட்டிகள் பூட்டிய சிறிய ரயில் காத்திருந்தது. தண்டவாளம் ஒடுக்கமானது. எங்கள் ஊரில் பார்த்த ரயிலைவிடவும் சிறிய வண்டி. இது எப்படி மலை ஏறப்போகிறது என்று யாரும் நினைப்பார்கள். வலப்பக்கம் இடம் பிடித்தேன். மறுபடியும் யன்னல் இரண்டும் அவர்களுக்குப் போயின.

தூசிஸ் என்ற ஊர் கழிந்ததும் பாதை மலையிடுக்குக்குள் நுழைந்தது. கீழே ஆறு தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். சுரங்கம், வெளிச்சம், மீண்டும் சுரங்கம். மச்சாள் யன்னலை இறக்கி முகத்தை வெளியே காட்டினா. அண்ணை அவவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

தீஃபன்காஸ்டல் ஸ்டேசனை விட்டு வண்டி ஏறத் தொடங்கியபோது நான் எழுந்து நின்றேன். அடுத்த பத்து நிமிடத்தில் லாண்ட்வாசர் பாலம் வர வேண்டும். அறுபத்தைந்து மீற்றர் உயரத்தில், வில்லாக வளைந்து, நேரே ஒரு பாறைச் சுவருக்குள் நுழையும் பாலம். மூன்று வருடமாக அதன் படம் என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தது.

அப்போதுதான் மச்சாள் என்னைப் பார்த்து, "இதுவோ வதனியக்காவுக்கு நீங்கள் எழுதின பாலம்?" என்று கேட்டா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வதனியை உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? தையிலை யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியிலை அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில் அவதானே. நெருப்புக் காய்ச்சல், டைபோயிட். நான்தான் ரெண்டுபேருக்கும் சாப்பாடு கொண்டுபோறனான்." சொல்லிக்கொண்டே வந்தவ என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினா. "உங்களுக்கு எழுதேல்லையோ?"

எழுதவில்லை. தை மாதத்திலும் மாசி மாதத்திலும் வதனியிடமிருந்து கடிதம் வந்தது. மழை பெய்ததாம், பக்கத்து வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டதாம்.

"எத்தனை நாள் கிடந்தவ?"

"மூண்டு கிழமைக்குக் கிட்ட. தலைமயிரெல்லாம் கொட்டுண்டு போச்சுது. பிறகு கட்டையா வெட்டிவிட்டது."

"ஆர் வெட்டினது?"

"நான்தான்."

பெட்டி ஒரு பக்கம் சரிந்து வளைந்தது. எல்லோரும் யன்னல்களுக்கு ஓடினார்கள். அண்ணை கமெராவை வெளியே நீட்டிக்கொண்டு "அங்கை பார், அங்கை பார்" என்று கத்தினார். நான் மச்சாளின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைகள் என் மனைவியின் தலையைத் தொட்டிருக்கின்றன. அவளுக்குச் சோறு குழைத்துக் கொடுத்திருக்கின்றன. எனக்குப் பிறகு வதனியை அருகிலிருந்து பார்த்த ஆள் எனக்கு முன்னால், நான் வதனிக்குக் குறித்துவைத்த இருக்கையில் இருக்கிறா. கோபப்பட அவவிடம் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் வயிறு எரிந்தது. சட்டென்று இருட்டியது. பாறைக்குள் போய்விட்டோம். பாலம் முடிந்துவிட்டது.

"ஏன் எனக்கு எழுதேல்லையாம்?" என்று சுரங்கத்தின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டேன்.

மச்சாள் முதலில் தயங்கினா. "நானும் கேட்டனான். அவ சொன்னா, 'அவரின்ரை கடுதாசியிலை எந்த நேரமும் ரயில்தான் ஓடுது. எனக்குக் காய்ச்சல் எண்டு எழுதினா அது நிண்டுபோம். அது ஓடட்டும்.' அப்பிடித்தான் சொன்னா."

அதற்குப் பிறகு பெர்கூனுக்கு மேலே பாதை ஒன்றன்மேல் ஒன்றாக வளையம் போட்டு ஏறுவதையோ, போன பாலத்தையே இன்னொரு உயரத்திலிருந்து பார்ப்பதையோ பற்றி என்னால் ஒன்றும் விவரமாகச் சொல்ல முடியாது. பிரேடாவில் தொடங்கும் அல்புலாச் சுரங்கம் ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை இருட்டில் கடந்ததால் நினைவிருக்கிறது. அந்த இருட்டிலும் நான் கேட்டுக்கொண்டே போனேன். மெலிந்துவிட்டாளா? இப்போது சைக்கிள் ஓடுகிறாளா? யார் வந்து பார்த்தார்கள்? என்ன சொல்லிச் சிரித்தாள்? மச்சாள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னா. ஒவ்வொரு பதிலும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்று உடனே எரிச்சலாகவும் இருந்தது.

சங்க்ட் மொரிட்ஸில் பத்தே முக்காலுக்கு வண்டி மாறினோம். அண்ணை கமெராவை மூடி மடியில் வைத்துவிட்டார்.

"நீங்கள் ரெண்டுபேரும் யாழ்ப்பாணத்துக்குப் போட்டியள்" என்றார். "நான்தான் தனிய சுவிஸிலை இருக்கிறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், காலையிலிருந்து நான் சிரித்துக்கொண்டிருந்த அதே சிரிப்பு. நாங்கள் பேசிய ஆட்களில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. ஆசுப்பத்திரி வீதி இப்போது எப்படியிருக்கிறது என்றும் தெரியாது. அவருடைய மனைவி லண்டனில் மூன்று மாதத்தில் அவரோடு கதைத்ததைவிட என்னோடு ஒன்றரை மணித்தியாலத்தில் கூடக் கதைத்திருக்கக்கூடும். எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி உண்டானதை மறைக்கப்போவதில்லை.

பெர்னினா பாதை பல்சக்கரம் இல்லாமல் ஏறும் பாதை. மரங்கள் குறைந்து, பிறகு புல் குறைந்து, பிறகு கல் மட்டும் நின்றது. வலப்பக்கத்தில் மோர்ட்டராட்ச் பனியாறு, அழுக்கு வெள்ளைச் சேலையைக் காயப்போட்டதுபோல் தொங்கியது. ஒஸ்பிஸியோ பெர்னினாவில், கடல்மட்டத்திலிருந்து 2253 மீற்றர் உயரத்தில், ஏரியின் கரையெல்லாம் புதுப்பனி. பிரூனோ சொன்னது சரி. வண்டி சில நிமிடம் நின்றது. அண்ணையும் மச்சாளும் இறங்கிப் பனியைக் கையில் எடுத்தார்கள். மச்சாள் பனியைக் காண்பது அதுதான் முதல் முறை. அவ அதை நாக்கில் வைத்துப் பார்த்தா. அண்ணை அவவின் விரல்களைத் தன் கைக்குள் வைத்துச் சூடேற்றினார். நான் பெட்டிக்குள் ரொட்டிப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவிழ்க்க வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை.

அல்ப் கிரூமிலிருந்து பாதை கீழே விழுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் ஆயிரம் மீற்றர் இறக்கம். பைன் மரம் வந்தது, புல் வந்தது, பொஸ்கியாவோவில் சோளமும் புகையிலையும் வந்தன. ஸ்டேசன் பெயர்கள் இத்தாலிய மொழிக்கு மாறின. புரூசியோ என்ற இடத்தில் ரயில் ஒரு வெளியில் வட்டமடித்துத் தன் பாலத்துக்குக் கீழாகவே நுழைந்து போகும். பின்பெட்டிகள் எங்கள் தலைக்கு மேலே வருவதைக் கண்டு மச்சாள் கைதட்டினா. அண்ணை சொன்னார், "தம்பி, நீ சுகந்தியைக் கொஞ்சம் என்ரை பக்கம் திரும்ப விட்டிருந்தா இந்த வட்டத்தை இன்னும் நல்லாப் படம் பிடிச்சிருப்பன்." என்ன சொல்கிறார் என்று எனக்கும் விளங்கியது, மச்சாளுக்கும் விளங்கியது. அவ யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா.

மதியம் ஒரு மணிக்குச் சற்று முன் கம்போகொலோஞோ. இரண்டு பக்கமும் மலை நெருங்கி நிற்கும் சிறிய ஊர். ஒரு ஸ்டேசன், சுங்கப் பகுதி, ஒரு சிற்றுண்டிக் கடை. நான் இறங்கினேன். மச்சாள் யன்னலை இறக்கி, "நானும் இவரோடை நிக்கட்டோ?" என்று அண்ணையைக் கேட்டா.

"விசாக் காசு கட்டி எடுத்தது இஞ்சை நிண்டு பாக்கவோ?" என்றார் அண்ணை. பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தணித்து, "தம்பி, நீயும் ஏறு. மூண்டு கிலோமீற்றர். ஒருத்தரும் பாக்கமாட்டினம். திரானோவிலை ஒரு கோப்பி குடிச்சிட்டு வருவம்" என்றார்.

ஏறியிருப்பேன். கால் படியில் இருந்தது. என் திட்டத்தில் பனியும் திராட்சையும் ஒன்றாக இருந்தன. பனியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப யாருக்கு மனம் வரும்? ஆனால் பிடிபட்டால் வதனியை இங்கே எடுப்பது என்ற பேச்சே இல்லை. காலை எடுத்தேன். ரயில் போய்விட்டது.

சிற்றுண்டிக் கடையில் ஒரு கோப்பி இரண்டு ஃபிராங் இருபது. சூரிச்சைவிட நல்ல கோப்பி. கடைக்காரப் பெண் நான் பிரூனோவிடம் கற்ற இத்தாலியத்தைக் கேட்டுச் சிரித்தா. சமையலறையில் கற்ற மொழியில் பாதி வசவு. "யாருக்காவது காத்திருக்கிறீர்களா?" என்றா. "ஓம்" என்று தமிழில்தான் வாயில் வந்தது. அவவுக்கு அதுவும் விளங்கியது.

வெளியே மர வாங்கில் இருந்தபோது எல்லைக் காவலர் ஒருவர் வந்தார். இளைஞர்தான். ஜெர்மனில் கதைத்தார். என் தாளை வாங்கி, படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். எல்லை ஸ்டேசனில் ஒரு தமிழன், இத்தாலியிலிருந்து வரும் வண்டிக்குக் காத்திருக்கிறான். அந்தக் காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது, களவாக ஆள் கடத்துவது.

"யார் வருகிறார்கள்?"

"என் அண்ணனும் மனைவியும்."

"உன் மனைவியா?"

"இல்லை. அவருடைய மனைவி."

"உன் மனைவி எங்கே?"

"யாழ்ப்பாணத்தில்" என்றேன். அவர் தாளைத் திருப்பித் தந்து, தன் கண்ணில் படும் இடத்தில் இருக்கச் சொன்னார்.

இரண்டு மணிக்கு வந்த வண்டியில் அவர்கள் இல்லை. அதில் வருவதாகத்தான் திட்டம். முதலில் எனக்கு ஒரு குரூரமான மகிழ்ச்சி. திட்டத்தை மீறினால் இப்படித்தான் என்று நினைத்தேன். பிறகு அவர்கள் ஒரு மேசையில் எதிரெதிரே இருந்து சாப்பிடுவதைக் கற்பனை செய்தேன். மகிழ்ச்சி போய்விட்டது. பிறகு ஏதும் நடந்திருக்குமோ என்று பயம் வந்தது. மூன்று மணி வண்டியின் சத்தம் பள்ளத்தாக்கில் கேட்டபோது எழுந்து நின்றேன்.

வந்திருந்தார்கள். ஆனால் அந்த இளம் காவலர் அவர்களை இறக்கிவிட்டார். அண்ணையின் பிரித்தானியக் கடவுச்சீட்டை ஒரு கணத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மச்சாளின் இலங்கைக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டார். சுவிஸ் விசா ஒருமுறை உள்ளே வருவதற்கு மட்டும். அவ ஏற்கெனவே ஒருமுறை வந்தாயிற்று. மத்தியானம் வெளியே போனா. இப்போது மீண்டும் உள்ளே வர விசா இல்லை.

அண்ணை ஆங்கிலத்தில் குரலை உயர்த்தினார். காவலருக்கு ஆங்கிலம் அவ்வளவாக இல்லை. வண்டி எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. மச்சாளை உள்ளே அழைத்துப் போனார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணையை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

அந்த அறையில் ஒரு மேசை, மூன்று கதிரை. காவலர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். எங்கே தங்குகிறீர்கள்? இன்றிரவு சங்க்ட் மொரிட்ஸில் அறை எடுத்திருக்கிறோம். எப்போது லண்டன் திரும்புகிறீர்கள்? வியாழக்கிழமை. திரும்பிப் போவீர்களா, அல்லது உங்கள் மைத்துனரைப் போல இங்கேயே தங்கிவிட எண்ணமா?

அந்தக் கேள்வியையும் மேசையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னேன். மச்சாள் என் முகத்தைப் பார்த்தா.

"சொல்லுங்கோ, எனக்கு வீடு இருக்கு, போவன் எண்டு" என்றா. பிறகு மெல்ல, "நீங்கள் ஏன் நடுங்கிறியள்? எனக்குப் பயமில்லை. ஆசுப்பத்திரியிலை இதைவிடப் பொல்லாத ஆக்களைச் சமாளிச்சனாங்கள், நானும் வதனியக்காவும்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. காவலர் தொலைபேசியில் மேலிடத்தோடு நெடுநேரம் கதைத்தார். மச்சாளின் லண்டன் பயணச்சீட்டைப் பார்த்தார், திரானோவிலிருந்து வாங்கிவந்த திராட்சைப் பையையும் பார்த்தார். கடைசியில் ஏதோ எழுதி, முத்திரை குத்தி, "இனி இப்படிச் செய்யாதீர்கள்" என்று என்னிடம் சொன்னார். நான்தான் செய்தேன் என்பதுபோல.

வெளியே அண்ணை நான் இருந்த அதே வாங்கில் இருந்தார். "என்ரை பாஸ்போட்டை மட்டும்தான் யோசிச்சனான், தம்பி" என்றார். குரல் இறங்கியிருந்தது. அவரைத் தோற்கடிக்க வேண்டுமென்று காலையிலிருந்து உள்ளுக்குள் விரும்பியவன் நான். இப்போது அப்படி அவரைக் காண ஒரு சுகமும் இல்லை. இத்தனை வருடம் திட்டம் போட்ட நானும் என் எல்லையை மட்டும்தான் யோசித்திருந்தேன். பக்கத்தில் அமர்ந்து, மிஞ்சியிருந்த ரொட்டியைப் பிய்த்து அவருக்குக் கொடுத்தேன். மச்சாள் திராட்சையை எடுத்துத் தந்தா. திரானோ எப்படி என்று கேட்டேன்.

"அங்கை ஒண்டுமில்லை. ஒரு பெரிய கோயில், சரியான வெய்யில், ஐஸ்கிறீம்" என்றா. எனக்காகக் குறைத்துச் சொல்கிறா என்று விளங்கியது. திராட்சை நல்ல இனிப்பு.

நாலு மணி வண்டியில் மலை ஏறினோம். அண்ணை களைத்துத் தூங்கிவிட்டார். அவருடைய தலை மச்சாளின் தோளில் சாய்ந்திருந்தது. ஒஸ்பிஸியோ ஏரியில் மேகம் இறங்கியிருந்தது.

ஆறேகாலுக்கு சங்க்ட் மொரிட்ஸ். அவர்கள் அங்கே இறங்க, நான் கூர் வண்டிக்கு மாற வேண்டும். திங்கட்கிழமை காலை எனக்கு வேலை. அண்ணை என்னைக் கட்டிப்பிடித்து, "படம் கழுவினவுடனை அனுப்பிவிடுறன்" என்றார். பயணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். மச்சாள் ஒரு கணம் நின்றா.

"வதனியக்காவுக்கு நான் எழுதோணும். வாக்குக் குடுத்திட்டன். 'அவர் எழுதிறதெல்லாம் உண்மையோ எண்டு ஒருநாள் நீ போய்ப் பாத்து எழுது' எண்டு சொல்லித்தான் என்னைக் கொழும்புக்கு விட்டவ."

அந்தக் கடிதத்தின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது. என் மலைகளை என் மனைவிக்கு இவ சொல்லப்போகிறா. "எழுதுங்கோ" என்றேன். "எல்லாம் உண்மைதானே?"

"எல்லாம் உண்மை. ஆனா நீங்கள் ஒண்டையும் பாக்கேல்லை. விடியத் துவங்கி எங்களைத்தான் பாத்துக்கொண்டு வந்தனீங்கள். அவர் என்ரை சட்டைக் கையை மடிச்சுவிட்டதிலை இருந்து." கோபமாகச் சொல்லவில்லை. "அதை எழுதட்டோ, விடட்டோ?"

தொலைவில் அண்ணை திரும்பிப் பார்த்து நின்றார். கூர் வண்டிக்கு விசில் ஊதினார்கள்.

"அதை எழுதுங்கோ" என்றேன்.

இறங்கும் பாதையில் யன்னலோர இருக்கைகள் எல்லாம் காலி. ஒன்றில் அமர்ந்து யன்னலை இறக்கினேன். சுரங்கத்தின் மறுபுறம் பிரேடாவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கீழே பெர்கூன் தெரிந்தது. வண்டி வளைய வளைய அது ஒருமுறை வலப்பக்கம் போனது, ஒருமுறை இடப்பக்கம் வந்தது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாக. மாட்டுமணிச் சத்தம் குளிர்காற்றோடு உள்ளே வந்தது. எங்கள் ஊர் தட்டையான ஊர். வருகிற சைக்கிளைக் கால் மைலுக்கு அப்பாலிருந்தே இன்னாரென்று சொல்லிவிடலாம். இங்கே அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே போக வேண்டும். அது எனக்குப் பிடித்திருந்தது. காலையில் தவறவிட்ட பாலத்தை அந்தியில் பார்த்தேன். படத்தில் இருந்ததைவிட ஒடுக்கமாக இருந்தது. பெட்டிக்குக் கீழே தரையே தெரியவில்லை.

சுகந்தியின் கடிதம் யாழ்ப்பாணம் போய்ச் சேர மூன்று கிழமையாவது ஆகும். வதனி அதை உரக்கப் படிக்கமாட்டாள், இரண்டுமுறை படிப்பாள். தான் வெட்டிவிட்ட தலைமயிரைப் பற்றி என் முன்னால் மணிக்கணக்காகக் கதைத்துக்கொண்டு ஒரு பெண் இந்த மலையெல்லாம் ஏறி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியவரும். தன்னுடைய யன்னலில் இன்னொருத்தி இருந்தாள் என்றும் தெரியவரும். படிக்கும்போது அவளுக்கும் கொஞ்சம் வயிறு எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே கூர் வரை போனேன்.